மலைச் சரிவில் வீடு கட்ட ஒப்பந்ததாரரை அமர்த்துவது எப்படி

நீலகிரியிலோ கொடைக்கானல் மலையிலோ சொந்த வீடு கட்டத் தீர்மானித்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "லைசென்ஸ் உள்ள நல்ல காண்ட்ராக்டர் யாராவது தெரியுமா?" என்பதுதான். தமிழ்நாட்டில் தனியாருக்கு வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரருக்கென்று அரசு வழங்கும் தனி உரிமம் எதுவும் இல்லை. நாலு கொத்தனார்களையும் ஒரு கலவை இயந்திரத்தையும் வைத்திருக்கும் எவரும் ஒப்பந்ததாரர் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி கோத்தகிரியிலோ பண்ணைக்காட்டிலோ வீடு கட்ட நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒப்பந்ததாரர்களுக்கென்றே உரிம வாரியம் உண்டு. உரிமம் பெறுபவர் 25,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். வீட்டுச் சீரமைப்பு வேலைகளுக்கு ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இங்கே அப்படிப்பட்ட காவல் ஏதும் இல்லாததால், ஓர் உரிமம் செய்ய வேண்டிய வேலையைப் பல தாள்களைக் கொண்டும், நம் கண்ணைக் கொண்டும், நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எந்தெந்தத் தாள்களைக் கேட்க வேண்டும்

முதலாவதும் முக்கியமானதும், வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளரின் பதிவு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணின் தாங்குதிறனை ஆராயும் புவித்தொழில்நுட்பப் பொறியாளர் போன்றோர் முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். கட்டடக் கலைஞர் என்றால் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கட்டடக் கலைஞர் மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணையும் அது எதுவரை செல்லும் என்பதையும் எழுதி வாங்கி, நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்திலோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ நேரில் சென்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பல ஒப்பந்ததாரர்கள் "நம்ம இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவார்" என்பார்கள். அந்தப் பொறியாளர் உங்கள் மனையை ஒருமுறையாவது மிதித்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். சமவெளியில் இந்தக் கேள்வி ஒரு சம்பிரதாயமாக இருக்கலாம். மலையில் வீடு நிற்பதும் சரிவதும் அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, மின்வேலை. இங்கு மட்டும் உண்மையான உரிமம் உண்டு. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே வயரிங் வேலையைப் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும். முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளும் ஒப்பந்ததாரர் மின்வேலையை யாரிடம் கொடுக்கப் போகிறார் என்பதைத் தொடக்கத்திலேயே பெயரோடும் உரிம எண்ணோடும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஜி.எஸ்.டி. பதிவு. தமிழ்நாட்டில் பெற்ற பதிவெண் 33 என்று தொடங்கும் 15 இலக்கம் கொண்டது, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அதைப் பதிந்தால் நிறுவனத்தின் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா ரத்தாகிவிட்டதா என்ற விவரம் ஆகியவை உடனே தெரியும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவருக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால், சிறிய அளவில் நேர்மையாகத் தொழில் செய்பவரிடம் இது இல்லாமலும் இருக்கலாம். அதை மட்டும் வைத்து அவரை ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் பொருளும் கூலியும் சேர்த்து ஒப்பந்தம் செய்தால் 18 சதவீத வரி உண்டு என்பதையும், தனி வீடு ஒன்றுக்குக் கூலி மட்டும் ஒப்பந்தம் செய்தால் வரிவிலக்கு உண்டு என்பதையும் அறிந்துகொண்டு, அவர் சொல்லும் விலையில் வரி அடங்குமா அடங்காதா என்பதை எழுத்தில் பெறுங்கள். ஒரே நிதியாண்டில் ஒப்பந்ததாரருக்கு 50 லட்சத்துக்கு மேல் கொடுப்பவர்கள் வருமான வரி பிடித்தம் செய்ய வேண்டிய கடமையைப் பற்றி ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சிலர் பொதுப்பணித் துறையில் முதல் வகுப்பு ஒப்பந்ததாரர் என்ற சான்றைக் காட்டுவார்கள். எவ்வளவு மதிப்புள்ள அரசு வேலையை அவர் எடுக்கலாம் என்பதைத்தான் அது சொல்கிறது. அவரிடம் பணமும் அனுபவமும் இருப்பதற்கு அது ஓர் அடையாளம் என்றாலும், சரிவில் வீடு கட்டிய அனுபவத்துக்கு அது சான்றாகாது.

மனையின் அனுமதி யாருடைய பொறுப்பு

தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளுக்கென்று 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமம், அதாவது எல்லோரும் ஹாகா என்று சொல்லும் அமைப்பு, நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் பொருந்தும். புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை போன்றவற்றின் தடையின்மைச் சான்றுகள் மனைக்கு மனை தேவைப்படும். இதற்கு மாதக்கணக்கில் காலம் பிடிக்கும். "அனுமதி பின்னாடி வாங்கிக்கலாம், கடைக்காலைத் தோண்டி வெச்சிடலாம்" என்று சொல்லும் ஒப்பந்ததாரரை, அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கொடைக்கானலில் 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி விதிமீறிய கட்டடங்கள் பூட்டி முத்திரையிடப்பட்டபோது, இழப்பைச் சுமந்தவர்கள் உரிமையாளர்களே. கட்டிக் கொடுத்தவர்கள் தங்கள் கூலியை எப்போதோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நீலகிரியில் கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு நீண்ட காலமாக இருந்து வருகிறது. "இப்போ ரெண்டு மாடிக்குப் பிளான் வாங்கி, மேலே இன்னொரு மாடி ஏத்திக்கலாம்" என்ற யோசனை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏற்கத் தகாதது. மண்வெட்டும் வேலைக்குப் பொக்லைன், ஜே.சி.பி. போன்ற இயந்திரங்களை மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதியின்றிக் கொண்டுவர முடியாது. மனையில் மரம் இருந்தால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். கூடலூர், பந்தலூர் பகுதிகளில் ஜென்ம நிலம், பிரிவு 17 நிலம் என்று உரிமை தெளிவாகாத நிலங்களின் சிக்கல் தனியாக உண்டு என்பதால், அங்கே பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே ஒப்பந்ததாரரைத் தேடத் தொடங்குவது முறை.

இந்த அனுமதிகளை உரிமையாளரின் பெயரில்தான் பெற வேண்டும். விண்ணப்பத்தை ஒப்பந்ததாரர் ஒற்றைச் சாளர இணையதளத்தில் பதிவேற்றித் தரலாம். கட்டணத்தை நீங்களே நேரடியாகச் செலுத்தி ரசீதை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குச் செல்கிறது. அதையும் தனியாகக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் கட்டிய வீட்டை மழைக்குப் பிறகு பாருங்கள்

ஒப்பந்ததாரர்கள் வழக்கமாக அண்மையில் கிரகப்பிரவேசம் முடிந்த வீட்டுக்குத்தான் அழைத்துச் செல்வார்கள். புதுப் பெயின்ட் அடித்த சுவரைப் பார்த்து நாம் அறிந்துகொள்ளக் கூடியது மிகவும் குறைவு. குறைந்தது இரண்டு மழைக்காலங்களைக் கடந்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகும், கூடலூர், நடுவட்டம், பந்தலூர் பக்கம் என்றால் ஆடி, ஆவணி மழைக்குப் பிறகும் சென்று பார்ப்பது சிறந்தது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டரும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டரும் மழை கொட்டிய மலை இது.

அங்கே போனதும் வீட்டுக்குள் நுழைவதற்கு முன், பின்புறத் தடுப்புச் சுவரைப் பாருங்கள். சுவரில் வரிசையாக நீர் வெளியேறும் துளைகள், அதாவது கொத்தனார்கள் 'வீப் ஹோல்' என்று சொல்பவை, இருக்கும். மழை பெய்து ஓரிரு நாட்களில் அந்தத் துளைகளின் கீழே ஈரக் கோடு இறங்கியிருந்தால் அவை வேலை செய்கின்றன என்று பொருள். துளைகள் வறண்டிருந்து, சுவர் மட்டும் நனைந்து பாசி பிடித்திருந்தால், பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறது. நீளமான கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். சுவரின் முழுக் கனத்தையும் கடந்து சென்று ஜல்லியில் முட்டினால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. அரையடி போனதும் கல்லிலோ கலவையிலோ முட்டி நின்றால், முகப்பில் மட்டும் குழாய்த் துண்டுகளைச் செருகி, பார்வைக்குத் துளை வைத்திருக்கிறார்கள். மலையில் சுவரைத் தள்ளுவது மண் மட்டுமன்று, மண்ணுக்குள் ஏறி நிற்கும் தண்ணீரும்தான். அதனால் இந்தச் சோதனை ஒன்றுக்காக மட்டுமே இன்னொரு ஊர்வரை சென்று வந்தாலும் அந்தப் பயணம் வீணாகாது.

பிறகு வீட்டுக்குள் தரையைப் பாருங்கள். சரிவைக் குடைந்து மனையைச் சமன் செய்யும்போது மேல்பக்கம் வெட்டிய தரையாகவும் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்பிய தரையாகவும் அமைந்துவிடும். வெட்டிய பக்கம் கெட்டியாக நிற்கும். கொட்டிய பக்கம் மழைக்கு மழை இறங்கும். அஸ்திவாரத்தைக் கொட்டிய மண்ணைக் கடந்து கெட்டியான தரைவரை இறக்காமல் விட்டிருந்தால், சரிவுக்குக் குறுக்கே, வீட்டின் நீளவாக்கில், டைல்ஸ் இணைப்புகள் ஒரே கோட்டில் பிரிந்திருக்கும். சன்னல் மூலைகளில் சாய்வாக ஓடும் வெடிப்பும் அதையே சொல்லும். வீட்டுக்காரரிடம் தனியாகப் பேச வாய்ப்புக் கிடைத்தால், "வேலை முடிஞ்சதுக்கு அப்புறம் கூப்பிட்டா வர்றாரா, அண்ணா?" என்று கேளுங்கள், மற்ற கேள்விகளைவிட இதற்கு வரும் பதில் தெளிவாக இருக்கும்.

அடுத்து அவரை உங்கள் மனைக்கு வரவழையுங்கள். நல்ல ஒப்பந்ததாரர் வந்ததும் மேலே ஏறிப் பார்ப்பார்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் வாய்க்கால் எங்கே முடிகிறது, மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழி எங்கே இருக்கிறது, வெட்டிய மண்ணை எங்கே கொண்டுபோவது என்று கேட்பார். படுக்கையறை எத்தனை என்பதில் தொடங்கிச் சதுர அடி விலையில் முடிப்பவர் இந்த மண்ணுக்குப் பழக்கமில்லாதவர்.

மதிப்பீட்டில் விடுபடுபவை

சமவெளியில் சதுர அடிக் கணக்கு ஓரளவுக்குப் பொருந்தும். மலையில் அந்தக் கணக்கு பேஸ்மென்ட்டுக்கு, அதாவது சுவர்கள் எழும்பும் அடித்தளத்துக்கு, மேலே உள்ள வீட்டை மட்டுமே அளக்கிறது. செலவின் பெரும்பகுதி அதற்குக் கீழேயும் வெளியேயும் கிடக்கிறது. தடுப்புச் சுவர், மேல்வடிகால் (சரிவின் மேலிருந்து வரும் நீரைத் திருப்பிவிடும் வாய்க்கால்), மண் அப்புறப்படுத்துதல், தலைச்சுமைக் கூலி ஆகிய நான்கும் மதிப்பீட்டில் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். எம்-சாண்டும் கம்பியும் மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலகுண்டிலிருந்தோ மலையேறி வருகின்றன. லாரி நிற்கும் சாலையிலிருந்து மனைவரை படிக்கட்டுப் பாதை என்றால், ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு சாலிட் பிளாக்கும் ஆளின் தலையில்தான் ஏறி இறங்க வேண்டும். இதை மதிப்பீட்டில் எழுதாமல் விட்டவர் குறைந்த விலை சொன்னவராகத் தோன்றுவார். வேலை பாதியில் இருக்கும்போது அந்தத் தொகை "எக்ஸ்ட்ரா" என்ற பெயரில் வந்து சேரும்.

குறைந்தது மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். மூவருக்கும் ஒரே வரைபடம், ஒரே பொருள் விவரம் கொடுத்து, ஐட்டம் ரேட்டாக, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலையாக, கேளுங்கள். சிமென்ட்டின் வகை, கம்பியின் தரம், கான்கிரீட்டின் தரம், கதவுக்கு என்ன மரம், குழாய்க்கு என்ன கம்பெனி என்பவை எழுதப்பட்டிருந்தால்தான் மூன்று விலைகளையும் ஒப்பிட முடியும்.

ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டியவை

ஒப்பந்தம் முத்திரைத்தாளில், இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, அனுமதி பெற்ற வரைபடமும் மதிப்பீடும் இணைப்பாக இருக்கும்படி அமைய வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் தொகையும் காலமும் இருக்கும். மலைக்குரிய செய்திகள் இருக்காது. அவற்றை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் வேலை வரிசை. தடுப்புச் சுவரும் மேல்வடிகாலும் முடிந்த பிறகே பேஸ்மென்ட் என்று எழுதுங்கள். வீட்டை முதலில் எழுப்பிவிட்டுக் கடைசியில் பணம் மிஞ்சினால் சுவர் கட்டலாம் என்ற வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. வெட்டிய மண் முகம் ஒரு மழைக்காலம் முழுவதும் திறந்து கிடப்பது வீட்டுக்கு மட்டுமல்லாமல் மேலே குடியிருப்பவருக்கும் ஆபத்து. மண்வெட்டும் வேலையைத் தை மாதத்தில் தொடங்கி மழைக்கு முன் சுவரை முடிக்கும்படி காலவரை வகுப்பது பாதுகாப்பானது. வெட்டிய மண்ணைச் சரிவிலோ ஓடையிலோ தள்ளக் கூடாது என்பதையும், தள்ளினால் அதன் விளைவு ஒப்பந்ததாரரைச் சேரும் என்பதையும் எழுதுங்கள்.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒன்று: சென்ட்ரிங்கை, அதாவது கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகைகளையும் முட்டுகளையும், பிரிக்கும் நாள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, நான்கரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகளை 7 நாட்களிலும், அதற்கு மேல் என்றால் 14 நாட்களிலும், 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு 14 நாட்களிலும், அதற்கு மேல் என்றால் 21 நாட்களிலும் எடுக்கலாம் என்கிறது. ஆனால் இந்தக் கணக்கு சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கும், வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்கும் உரியது. உதகையிலும் கொடைக்கானலிலும் ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் வெப்பம் அதற்குக் கீழே போகிறது. மார்கழி, தை மாதங்களில் உதகைப் பள்ளத்தாக்குகளில் உறைபனியே விழுகிறது. குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் வலுப்பெறும். மேலும், இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. வகைச் சிமென்ட்டுக்கு (சாம்பல் போன்றவை கலந்தது) இன்னும் கூடுதல் நாட்கள் தேவை. சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை கொடுக்கும் மேஸ்திரி, "ஏழு நாள் போதும் சார், கோயம்புத்தூர்ல எல்லாம் அப்படித்தான் பிரிக்கிறோம்" என்பார். கோயம்புத்தூரில் அது சரியாக இருக்கலாம். ஆகவே, கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே முட்டு எடுக்க வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்து, கூடுதல் நாட்களின் பலகை வாடகையை யார் தருவது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். அந்த வாடகையை உரிமையாளர் ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அப்போதுதான் அவசரப்படுவதற்கான காரணம் ஒப்பந்ததாரருக்கு இல்லாமல் போகும். தளம் போடும் நாளில் கான்கிரீட் கட்டிகள் எடுத்து 28ஆம் நாளில் சோதிப்பதையும், நீராற்றல், அதாவது கான்கிரீட்டைத் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருப்பது, 10 நாட்களுக்குக் குறையாமல் நடக்க வேண்டும் என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். மூடுபனி இருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்று சிலர் சொல்வதை ஏற்காதீர்கள்.

தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். வெட்டிய மண் முகத்தின் கீழே நின்று கடைக்கால் தோண்டுவதே மலைக் கட்டுமானத்தில் உயிருக்கு ஆபத்தான வேலை. மண்முகத்தைப் படிப்படியாக வெட்டுவது, மழை நாளில் அங்கே ஆள் இறக்காதது, வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்திருப்பது, தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் அவர்கள் பதிவு செய்திருப்பது ஆகியவற்றை ஒப்பந்ததாரரின் கடமையாக எழுதி, காப்பீட்டுத் தாளின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வட மாநிலங்களிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். குளிருக்குக் கரியைப் பற்றவைத்துக் கதவை அடைத்துக்கொண்டு உறங்குவது உயிரைப் பறிக்கும் என்பதால், தங்குமிடம் எப்படி இருக்கிறது என்பதை உரிமையாளரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முறை

முன்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அதன் பிறகு தடுப்புச் சுவர், பேஸ்மென்ட், லின்டல், தளம், பூச்சு, முடிவு வேலை என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைப் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் குறித்த பிறகு, வங்கி வழியாக மட்டும் பணம் கொடுங்கள். ஒவ்வொரு பட்டியலிலும் (பில்லிலும்) 5 சதவீதத்தை நிறுத்திவைத்து, குடியேறிய பிறகு வரும் முதல் பெருமழைக் காலம் முடிந்ததும் அதைத் தருவதாக எழுதுங்கள். கசிவும் வெடிப்பும் அப்போதுதான் தெரியவரும். கூடுதல் வேலை எதுவானாலும் விலையை எழுதிக் கையெழுத்தான பிறகே தொடங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதி "சரி" என்று பதில் வாங்குவதுகூட, வாய்வார்த்தையைவிட எவ்வளவோ மேல்.

தகராறு வந்தால்

வீடு கட்டித் தருவது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவையாகவே கருதப்படுகிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், முறையிடலாம். நீலகிரிக்காரர்கள் உதகையிலும் கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல்லிலும் தொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். எங்கே போனாலும் ஒப்பந்தம், பட்டியல்கள், வங்கிக் கணக்கு, தேதியுடன் எடுத்த படங்கள் ஆகியவற்றைத்தான் கேட்பார்கள். ஆகவே கடைக்காலை மூடுவதற்கு முன்பும், தடுப்புச் சுவரின் பின்னால் ஜல்லி நிரப்பும்போதும், கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பும் படம் எடுத்து வையுங்கள். இந்த மூன்றும் மூடப்பட்ட பிறகு திரும்பப் பார்க்க முடியாதவை. சாவியை வாங்கும் நாளில், கட்டியபடி வரைந்த வரைபடம், மின்கம்பி மற்றும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் செல்லும் பாதையின் வரைபடம், மின் ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கை, கான்கிரீட் சோதனை முடிவுகள் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்ட பிறகே முடிவுப் பட்டியலில் கையெழுத்திடுங்கள்.